சேனல்கள் திடீரென மறைந்துவிட்டனவா?

நேற்று வரை தெளிவாகத் தெரிந்த சேனல் இன்று காணவில்லை என்றால், உடனே கூரையேறி ஆன்டெனாவைத் திருப்பாதீர்கள். ஒளிபரப்புக் கோபுரம் அதிர்வெண்ணை மாற்றியிருந்தால், உங்கள் தொலைக்காட்சி இன்னும் பழைய இடத்திலேயே அதைத் தேடிக்கொண்டிருக்கும். மெனுவில் பழைய சேனல் பட்டியலை முழுவதுமாக அழித்துவிட்டு, தானியங்கித் தேடலை முதலிலிருந்து செய்யுங்கள். அழிக்காமல் தேடினால் செத்த பதிவுகள் பல பட்டியலில் தங்கிவிடும்.

இரண்டு கோபுரங்களுக்கு நடுவே வீடு இருந்தால் கூடுதல் கவனம் தேவை. தேடல் பெரும்பாலும் குறைந்த அதிர்வெண்ணிலிருந்து மேலே செல்லும்; வழியில் அகப்படும் தொலைதூரக் கோபுரத்தின் பலவீனமான சிக்னலையே சில பெட்டிகள் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்போது உங்கள் கோபுரம் ஒளிபரப்பும் அதிர்வெண்ணுக்கான சேனல் எண்ணைக் (ரிமோட்டில் அழுத்தும் எண் அல்ல) கொடுத்துக் கைமுறையாகத் தேடுவதே நல்லது.

அதன் பிறகும் படம் கட்டம் கட்டமாக உடைகிறதா? சிக்னல் வலிமை, தரம் இரண்டையும் பாருங்கள். வலிமை அதிகமாக இருந்தும் தரம் குறைந்தால், சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரைக் கழற்றிப் பார்க்கத் தவறாதீர்கள். மிகையான சிக்னலும் படத்தைக் கெடுக்கும்; பலர் இதை நம்புவதே இல்லை. இரண்டுமே குறைவு என்றால் கேபிள் இணைப்பில் ஈரமோ துருவோ இருக்கலாம்.