பழைய டிஜிட்டல் கேமரா: பழுது பார்ப்பதா, மாற்றுவதா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2008-இல் வெளிவந்த நிக்கான் டி90 போன்ற கேமராக்கள் இன்றும் பலருடைய அலமாரிகளில் இருக்கின்றன. 12.3 மெகாபிக்சல் என்பது இன்றைய கணக்கில் குறைவாகத் தோன்றினாலும், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட அது தாராளமாகப் போதும். அத்தகைய கேமரா ஒரு நாள் இயங்க மறுக்கும்போது, "இத்தனை வருடம் உழைத்தது போதும், புதிது வாங்கிவிடலாம்" என்றோ, "ஆசையாக வாங்கியது, என்ன செலவானாலும் சரிசெய்துவிட வேண்டும்" என்றோ நாம் உடனே முடிவுகட்டிவிடுகிறோம். எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்பது தெரியாமலே எடுக்கப்படுவதால்தான் இவ்விரண்டு முடிவுகளாலும் பணம் வீணாகிறது.

பழுதே இல்லாத கேமராவைப் பழுதானது என்று நம்பிவிடுவதுதான் நான் மிகுதியாகக் காணும் தவறு. பல ஆண்டுகள் மின்னேற்றாமல் கிடந்த லித்தியம் அயான் பேட்டரி செயலிழந்திருந்தால் கேமராவும் செத்ததுபோலவே தோன்றும். ஆகவே நன்றாக இயங்கும் வேறொரு பேட்டரியைப் போட்டுப் பார்க்காமல் சர்வீஸ் சென்டருக்குப் போகக் கூடாது. 2006-க்கு முன் வந்த பல கேமராக்கள் 2 ஜிபி வரையிலான சாதாரண எஸ்டி கார்டை மட்டுமே படிக்கும் என்பதால், இன்று கடையில் கிடைக்கும் கார்டைச் செருகியதும் அவை பிழை காட்டுவது இயல்பு. தேதி அடிக்கடி அழிந்துபோவதையும் பெரிய பழுதாக எண்ண வேண்டியதில்லை. டி90-இன் கடிகாரத்துக்கான உள் பேட்டரி, மின்னேற்றிய முதன்மை பேட்டரியை உள்ளே வைத்திருந்தால் சுமார் இரண்டு நாளில் தானாக மின்னேறிவிடும்.

இதைவிட ஏமாற்றக்கூடியது நிக்கான் கேமராக்களின் திரையில் 'எஃப்ஈஈ' என்று மின்னும் குறிப்பு. ஒளி நுழையும் துளையின் அளவை மாற்றும் வளையம் உள்ள பழைய டி வகை லென்ஸை மாட்டிவிட்டு, அந்த வளையத்தை மிகச் சிறிய துளைக்கு, அதாவது மிகப் பெரிய எண்ணுக்குத் திருப்பிப் பூட்டாமல் விட்டால் இது தோன்றும். வளையத்தைத் திருப்பினால் மறைந்துவிடும். பழைய கேனான் இஓஎஸ் கேமராக்களில் வரும் 'எர்ரர் 99' பல கோளாறுகளுக்குப் பொதுவான குறிப்பு. லென்ஸின் பின்புறமுள்ள மின்தொடர்புப் புள்ளிகளை உலர்ந்த மென்துணியால் துடைப்பதும், வேறொரு லென்ஸை மாட்டிப் பார்ப்பதும் செலவில்லாத முதல் சோதனைகள்.

உண்மையிலேயே பழுது இருப்பது உறுதியான பிறகு, பழுதுபார்க்கும் செலவைப் புதிய கேமராவின் விலையோடு ஒப்பிடுவது அடுத்த தவறு. அப்படி ஒப்பிட்டால் எந்தச் செலவும் மலிவாகவே தெரியும். அதே மாடல் நல்ல நிலையில் பழைய கேமராச் சந்தையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். ஷட்டரை, அதாவது படமெடுக்கும்போது திறந்து மூடும் திரையை, மாற்றும் செலவில் அதே மாடலையே வாங்க முடியுமானால், பழுது பார்ப்பதில் பொருளில்லை.

ஆயினும், கேமராவை மட்டும் கணக்கில் எடுத்து லென்ஸை மறந்துவிடக் கூடாது. பலருடைய பெருஞ்செலவு மறைந்திருப்பது இங்கேதான். டி90-க்குள் குவியமோட்டார் இருக்கிறது; தனக்கென மோட்டார் இல்லாத 50 மி.மீ. எஃப்/1.8டி போன்ற லென்ஸ்களில் தானியங்கிக் குவியத்தை இயக்குவது அதுதான். டி3000, டி5000 வரிசைகளின் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. நிக்கானின் மிரர்லெஸ் இசட் கேமராக்களில் பழைய லென்ஸ்களை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் இல்லை. டி90-ஐ விட்டுவிட்டு அவற்றுள் ஒன்றுக்கு மாறுகிறவர், அந்த லென்ஸில் கையால் குவியம் வைக்க வேண்டும், அல்லது புதிய லென்ஸ் வாங்க வேண்டும். 2010-இல் வந்த டி7000-இல் மோட்டார் உண்டு. ஆனால் அதன் பேட்டரி வேறு என்பதால், கைவசம் உள்ள கூடுதல் பேட்டரிகளும் சார்ஜரும் பயன்படாமல் போகும். இவற்றையெல்லாம் கூட்டிய பிறகே, மாற்றுவதற்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்பது தெரியவரும்.

ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதை, காலாவதித் தேதியாகக் கருதுவதும் பிழை. டி90-இன் ஷட்டர் 1,00,000 முறை இயக்கிச் சோதிக்கப்பட்டது என்பதற்கு, அடுத்த முறை அது நின்றுவிடும் என்று பொருளில்லை. அந்த எண்ணிக்கையைத் தாண்டியும் நன்றாக இயங்கும் கேமராவை, எண்ணைப் பார்த்து அஞ்சி விற்றுவிட வேண்டியதில்லை.

காணொளிகளைப் பார்த்துக் கேமராவை நாமே திறப்பதை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும் என்பேன். உள்ளிருக்கும் ஃபிளாஷின் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் மின்னழுத்தம் சேர்ந்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது எஞ்சியிருந்து கையைத் தாக்கக்கூடும். ஃபிளாஷ் சிறியதாக இருக்கும் காம்பாக்ட் கேமராக்களிலும் இந்த ஆபத்து உண்டு.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் பூஞ்சையையும் உப்புநீரையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. பூஞ்சை பெரும்பாலும் லென்ஸில்தான் பிடிக்கிறது. அப்போது கேமராவை மாற்றிப் பயனில்லை. லென்ஸைத் தாமதிக்காமல் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டும், ஏனெனில் கண்ணாடியின் மேற்பூச்சு அரிக்கப்பட்டுவிட்டால் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. கடல்நீர் புகுந்த கேமராவோ ஒருமுறை சரிசெய்யப்பட்ட பிறகும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும் என்பதால், அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

பழுதுபார்க்கக் கொடுப்பதானால், எந்தப் பாகம் மாற்றப்படுகிறது, அது புதியதா அல்லது வேறொரு கேமராவிலிருந்து கழற்றியதா, எத்தனை மாத உத்தரவாதம் என்பவற்றை மதிப்பீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். பழைய கேமராவை மாற்றாக வாங்குவதானால், வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எஃப்/16 என்ற சிறிய துளையில் படமெடுத்து, கணினியில் பெரிதாக்கிப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். 2012-இல் வந்த நிக்கான் டி600-இல் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார்மீது புள்ளிகள் சேரும் குறை இருந்ததால், 2014-இல் நிக்கானே அவற்றின் ஷட்டரை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. அந்த மாடலை வாங்குகிறவர், ஷட்டர் மாற்றப்பட்டதற்கான சீட்டு இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.