முன்கண்ணாடியில் கல் தெறித்ததா? முதலில் டேப், அப்புறம்தான் மற்றதெல்லாம்

முன்னால் போகிற லாரி டயரிலிருந்து ஒரு பொடிக்கல் கிளம்பி 'டக்' என்று கண்ணாடியில் விழும் பாருங்கள், சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது வண்டி என்றால் அந்தச் சத்தம் வயிற்றில் கேட்கும். என் வண்டிக்கு அது மூன்றாவது வாரம். பக்கத்து சீட்டுக்கு நேராக மிளகு அளவில் ஒரு பொட்டு, அதிலிருந்து மயிரிழை மாதிரி இரண்டு கால்கள். அதற்கப்புறம் நான் செய்தது எல்லாமே தப்பு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன், போகும்போதும் வரும்போதும் விரலால் தடவிப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை வண்டியை நன்றாகக் கழுவினேன், சின்னதுதானே என்று பத்து நாள் விட்டும் விட்டேன். பிறகு ஒரு மதியம், வெயிலில் கொதித்துக் கிடந்த வண்டியில் ஏறி ஏசியை முழுவதுமாகத் திறந்து கண்ணாடிப் பக்கம் காற்றைத் திருப்பினேன். அந்த இரண்டு கால்களில் ஒன்று என் கண் முன்னாலேயே ஓட ஆரம்பித்து, ஒரு முழம் போய்த்தான் நின்றது. கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று.

முன்கண்ணாடி ஒரே பலகை இல்லை. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் பி.வி.பி. என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலம், பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர் கனம். அதனால்தான் கல் பட்டால் பக்கக் கண்ணாடி மாதிரி பொடிப்பொடியாகக் கொட்டிவிடாமல், வெளித் தகட்டில் மட்டும் ஒரு குழி விழுந்து நிற்கிறது. அந்தக் குழிக்குள் இருப்பது காற்று. அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கிற ஒரு ரெசினை, அதாவது இறுகிக் கெட்டியாகும் ஒரு பிசின் திரவத்தை, செலுத்தினால் அடையாளம் மங்கும், விரிசலும் அங்கேயே நிற்கும். ஆனால் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரும் சோப்பும் தூசும் போய் உட்கார்ந்துவிட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது, உள்ளே ஒரு அழுக்குத் திட்டு நிரந்தரமாகத் தெரியும். நான் தேய்த்த ஈரத்துணி செய்த வேலை அதுதான்.

ஆகவே கல் பட்டதும் பாதுகாப்பாக ஓரம்கட்டி, குழி காய்ந்திருந்தால் அதன் மேல் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் துடைக்க வேண்டாம், ஊத வேண்டாம், விரல் வைக்கவே வேண்டாம். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் உள்ளே போகும். ஓட்டுகிறவர் பார்வைக்கு நேராக இருந்தால் டேப் துண்டு சின்னதாக இருக்கட்டும். சூப்பர் குளூ, நகப்பூச்சு என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அவை உள்ளே இறங்காமல் வாயை அடைத்துக்கொண்டு காய்ந்துவிடும், அப்புறம் ரெசின் போக வழியே இருக்காது.

சரி, டேப் ஒட்டியாயிற்று. ரெசின் போடும் வரை வண்டியை நிழலில் நிறுத்துங்கள். ஏசியோ ஹீட்டரோ, காற்றைக் கண்ணாடிக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர், பனி படிந்த கண்ணாடியில் வெந்நீர் இரண்டும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள்: கண்ணாடியின் ஒரு பகுதி விரிய, பக்கத்துப் பகுதி சுருங்க, அந்த இழுப்பு நேராக விரிசலின் நுனியில் போய் நிற்கும். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாலும் உள்ளே அடைபட்ட காற்று கண்ணாடியை ஒரு தள்ளு தள்ளும். ஒரு ஜன்னலை விரலளவு இறக்கி வைப்பது போதும். பிரஷர் வாஷ் கூடவே கூடாது.

இது ரெசினில் போகுமா, கண்ணாடியே மாற்ற வேண்டுமா என்று முடிவெடுக்க, போன் டார்ச்சை உள்பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். குழியும் அதன் கால்களும் சேர்ந்து இரண்டரை சென்டிமீட்டருக்குள் இருந்தால் பொதுவாகச் சரிசெய்யலாம். உள்பக்கத் தகட்டை நகத்தால் மெதுவாக வருடுங்கள். அங்கே நகம் தட்டினால் அடி உள்வரை இறங்கிவிட்டது என்று அர்த்தம், மாற்றத்தான் வேண்டும். விளிம்பிலிருந்து சுமார் ஐந்து சென்டிமீட்டருக்குள் விழுந்த அடியும் மோசமானது, ஏனென்றால் கண்ணாடியில் இழுவிசை அதிகம் இருப்பது ஓரத்தில்தான், அங்கே கிளம்பிய விரிசல் சீக்கிரம் ஓடும். ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே இருந்தால் சின்னதாக இருந்தாலும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். ரெசின் போட்ட பிறகும் ஒரு மெல்லிய தழும்பு இருக்கும், இரவில் எதிர்வண்டி வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும்.

புது வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். கல் பட்ட ஞாபகமே இல்லை, ஓரத்திலிருந்து ஒரு கோடு தானாகக் கிளம்பியிருக்கிறது என்றால், பால்பாயிண்ட் பேனா நுனியை அந்த விரிசல் மேல் மெதுவாக நகர்த்துங்கள். எங்காவது நுனி குழியில் தட்டினால் அது கல்லடி, வாரண்டியில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயும் தட்டவில்லை என்றால் பொருத்தியதில் இறுக்கமோ கண்ணாடியில் குறையோ இருக்கலாம். உடனே போட்டோ எடுத்து, வாரண்டியில் கேளுங்கள். கல்லடிக்கு இன்சூரன்ஸைத்தான் பார்க்க வேண்டும். சில பாலிசிகளில் ரெசின் வேலைக்கு ஒரு கணக்கு, கண்ணாடி மாற்ற வேறு கணக்கு, நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) போகுமா போகாதா என்பது அதிலும் வேறு. வேலையைத் தொடங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள், பின்னால் கேட்டுப் பயனில்லை.

நல்ல ஆள் கிடைத்தால் அவரிடமே விடுவதுதான் என் கட்சி. ஒரு குழிக்கு அரை மணி நேரத்து வேலை, தவிர ரெசின் ஒரு முறைதான் உள்ளே போகும். பாதி நிரம்பிக் காய்ந்ததை எடுத்து மறுபடி போட முடியாது. ஆனாலும் வட்டமான சின்னக் குழிக்கு, பிரிந்து ஓடாத இரண்டு மூன்று கால் உள்ள நட்சத்திரத்துக்கு, கடையில் விற்கும் கிட் போதும். என் இரண்டாவது கல்லடியை அப்படித்தான் சரிசெய்தேன்.

செய்வதானால் முழு நிழலில் செய்யுங்கள். அந்த ரெசின் புற ஊதா ஒளியில் இறுகுவது, வெயிலில் நின்று செய்தால் உள்ளே இறங்கும் முன்பே கெட்டியாகிவிடும். கண்ணாடி கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறியிருக்க வேண்டும், குழி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். டேப்பை எடுத்துவிட்டு, தளர்ந்து நிற்கும் கண்ணாடித் துகளை மட்டும் ஊசியால் தட்டி எடுங்கள், தோண்டாதீர்கள். உறிஞ்சுகப்புகள் உள்ள தாங்கியை, அதன் நடுத்துளை குழிக்கு நேர் மேலே வரும்படி ஒட்டி, சொட்டு ரெசின் விட்டு, திருகை மெல்ல இறுக்குங்கள். இப்போது உள்ளே போய் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பாருங்கள். காற்று இருக்கும் கால்கள் கருப்பாகவோ வெள்ளியாகவோ மின்னும். ரெசின் நுழைய நுழைய ஒவ்வொரு காலாக நடுவிலிருந்து நுனி நோக்கிக் காணாமல் போகும். கடைசிக் கால் நுனியில் ஒரு கடுகளவு மினுமினுப்பு பிடிவாதமாக நிற்கும். அங்கே அவசரப்படாமல் திருகைத் தளர்த்துங்கள், காற்றுக்குமிழி மேலே வரும், மறுபடி இறுக்குங்கள். எனக்கு இப்படி நான்கு முறை ஆயிற்று, காலையில் குடிக்க வைத்திருந்த காபி ஆறிப்போனது.

நிரம்பியதும் தாங்கியை எடுத்துவிட்டு, குழியின் வாயில் இன்னொரு சொட்டு ரெசின் வைத்து, கிட்டில் வரும் பிளாஸ்டிக் தாளைக் காற்று இல்லாமல் மூடி, வண்டியை வெயிலுக்கு நகர்த்துங்கள். கிட்டில் போட்டிருக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே விடலாம், மேகமூட்டம் என்றால் இன்னும் அதிகம். பிறகு தாளை உரித்து, புது பிளேடைக் கண்ணாடிக்குச் செங்குத்தாகப் பிடித்து மேலே துருத்தியதைச் சுரண்டுங்கள். பிளேடைச் சாய்த்தால் குழியில் இருக்கும் ரெசினும் சேர்ந்து வந்துவிடும்.

மாற்றத்தான் வேண்டும் என்றானால், உங்கள் பழைய கண்ணாடியில் என்னென்ன இருந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள்: மழை சென்சார், சூடேற்றும் கம்பி, சத்தம் குறைக்கும் படலம். வேகத்தைக் கண்ணாடியிலேயே காட்டும் வசதி இருந்தால் அதற்கென்றே நடுப்படலம் ஆப்பு வடிவில் இருக்கும் கண்ணாடி வேண்டும், சாதாரணக் கண்ணாடி போட்டால் எண்கள் இரண்டிரண்டாகத் தெரியும். பின்னால் வருவதைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருந்து, தானாகப் பிரேக் பிடிப்பது, தடம் விலகாமல் வண்டியை வைத்திருப்பது எல்லாம் அதை நம்பித்தான் என்றால், கண்ணாடி மாற்றியதும் கேலிபரேஷன், அதாவது கேமராவின் பார்வையை மறுபடி அளந்து சரிசெய்யும் வேலை, செய்துதான் தரவேண்டும். பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டும் பசை இறுகும் வரை, எத்தனை மணி நேரம் என்று மாற்றியவரிடமே கேட்டு, வண்டியை எடுக்காதீர்கள். ஓரத்தில் ஒட்டிய டேப் அசிங்கமாகத்தான் இருக்கும், அவர் சொன்ன நாள் வரை பிய்க்காமல் விடுங்கள்.