கனவுருவைக் கரும்பலகையில் தொடங்காதீர்கள்

போன தவணை, புதிதாக வந்த இரண்டு ஆசிரியர்களின் வகுப்பைப் பின்வாங்கில் இருந்து பார்த்தேன். இருவரும் வெண்கட்டியை எடுத்து நேரே பலகையில் கனவுருவை, அதாவது சவர்க்காரப் பெட்டி போல எல்லா முகமும் செவ்வகமான திண்ம உருவை, கீறினார்கள். நான் தொடக்கத்தில் செய்த அதே பிழை. 6 முகம், 12 விளிம்பு, 8 உச்சி என்பது எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. அதைக் கற்பிக்கும்போது வரும் பிழைகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

படத்தை முதலில் காட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். புள்ளிக்கோடு போடாமல் கீறிய கனவுருவில் தெரிவது 3 முகம், 9 விளிம்பு, 7 உச்சி மட்டுமே. கிளிநொச்சிப் பக்கம், குளக்கட்டுக்குக் கீழே இருந்த பள்ளிக்கூடத்தில் என் முதல் வருடம். ஒரு பிள்ளை கொப்பியில் உச்சி 7 என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் வெட்டினேன்.

"எண்ணிப் பாருங்கோ ரீச்சர், ஏழுதான் இருக்கு."

எண்ணினேன். ஏழுதான். ஒளிந்து நின்ற எட்டாவது உச்சியை நான் அவளுக்குக் காட்டவேயில்லை. கண்டதைச் சரியாக எண்ணிய பிள்ளைக்குப் பிழை போட்டிருக்கிறேன். பிறகு கனநாள் அவள் கணித பாடத்தில் கை உயர்த்தவில்லை.

இன்னொரு கேடும் உண்டு. படத்தில் மேல்முகமும் பக்கவாட்டு முகமும் சரிந்து கிடக்கும். அவை செவ்வகம் என்று சொன்னால் பிள்ளை எப்படி நம்பும்?

ஆளுக்கொரு சவர்க்காரப் பெட்டி கொடுங்கள். முகங்களில் 1 முதல் 6 வரை பென்சிலால் எழுதட்டும். விளிம்பை விரலால் தடவி எண்ணட்டும்: மேலே 4, கீழே 4, நிமிர்ந்து நிற்பவை 4. இப்படி எண்ணினால் ஒன்றும் இரண்டு தரம் வராது. பிறகு கண்ணை மூடி ஓர் உச்சியை விரல்நுனியால் அழுத்தச் சொல்லுங்கள். மூன்று விளிம்பு அங்கே வந்து சேர்வதை விரலே சொல்லும். படம் அடுத்த கிழமை போதும்.

"பெட்டி கொண்டு வாருங்கோ" என்பது

எங்கள் ஊரில் பெட்டி என்றால் ஓலைப்பெட்டியும்தான். அடி சதுரம், வாய் வட்டம். கொண்டுவந்த பிள்ளையில் குற்றமில்லை. அடிச் சதுரத்தைக் காட்டிப் பாராட்டிவிட்டு, மற்றப் பெட்டியோடு ஒப்பிடுங்கள்.

பக்கம்

சதுரத்தின் பக்கம் கோடு. பெட்டியின் பக்கம் முகம். இந்தப் பாடத்தில் அந்தச் சொல்லே வேண்டாம்.

பெட்டியை அப்படியே விரிப்பது

ஒட்டுமடிப்புகளையும் முகமென்று எண்ணி 9, 10 என்பார்கள். விரித்ததும் அவற்றை வெட்டி எடுங்கள். மிஞ்சும் ஆறையும் துண்டாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், எதிர்முகங்கள் சோடி சோடியாகப் பொருந்தும்.

சதுர முகம் கண்டதும் கனவுரு இல்லை என்பது

இரண்டு முகம் சதுரமானாலும் கனவுருதான். ஆறும் சதுரமானால் சதுரமுகி. அதுவும் கனவுருவில் ஒரு வகை.

ஈர்க்கை அளக்காமல் முறிப்பது

கனவுருவின் சட்டம் செய்ய: உச்சிகளுக்குக் குளத்துக் களிமண்ணில் 8 உருண்டை, விளிம்புகளுக்கு 12 ஈர்க்குத் துண்டு. மூன்று நீளம், ஒவ்வொன்றிலும் நான்கு. பன்னிரண்டும் ஒரே நீளமென்றால் சதுரமுகி. களிமண் காயுமுன் நிமிர்த்தி வையுங்கள். சரிந்து காய்ந்தால் செங்கோணம் போய்விடும்.