தொலைந்துபோன கராஜ் ராக் ஒலிப்பதிவுகளைத் தேடிக் கண்டடையும் முறை

1960களின் நடுவில் அமெரிக்கச் சிற்றூர்களில் தோன்றிய கராஜ் ராக் (இளைஞர்கள் வீட்டுக் கார் கொட்டகைகளில் பயின்று வாசித்த எளிய, முரட்டு ராக் இசை) குழுக்கள் பலவும், சொந்தச் செலவில் சில நூறு பிரதிகள் மட்டும் அச்சிட்ட நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஒரேயொரு சிறிய இசைத்தட்டோடு மறைந்துவிட்டன. ஆகவே அந்தத் தட்டிலிருந்தே தேடலைத் தொடங்குங்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், அங்கே பொறிக்கப்பட்ட எண் தெரியும். ஆர்சிஏ நிறுவனம் பிறருக்காக அச்சிட்டுத் தந்த தட்டுகளில் அந்த எண்ணின் முன்னுள்ள முதல் எழுத்தே ஆண்டைச் சொல்லும்: எஸ் என்றால் 1965, டி என்றால் 1966, யு என்றால் 1967.

அடுத்து, லேபிளில் உள்ள பாடலாசிரியரின் பெயரை பிஎம்ஐ, ஆஸ்கேப் ஆகிய உரிமை அமைப்புகளின் பதிவேடுகளில் தேடுங்கள். குழுக்கள் அடிக்கடி பெயர் மாற்றிக்கொண்டதால், என் கருத்தில் குழுப் பெயரைவிட இதுவே நம்பகமான தடயம்.

பாடலை முதலில் பதிவுசெய்த மூல காந்த நாடா கிடைத்துவிட்டால், ஆவலை அடக்கிக்கொண்டு, அதை உடனே ஓட்டிப் பார்க்காமல் இருப்பதே மிக முக்கியம். சுருளை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். பக்கவாட்டில் ஒளி ஊடுருவினால் அது அசிட்டேட் நாடா, ஊடுருவாவிட்டால் பெரும்பாலும் பாலியஸ்டர் (இரண்டும் நாடா செய்யப் பயன்பட்ட பிளாஸ்டிக் வகைகள்). பிற்காலப் பாலியஸ்டர் நாடாக்களின் பிசுபிசுப்பைப் போக்க மிதமான சூட்டில் வாட்டுவதுண்டு. அசிட்டேட் நாடாவை அவ்வாறு ஒருபோதும் வாட்டக் கூடாது, அது பாழாகிவிடும். வினிகர் வாடை வீசினால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். தாமதிக்காமல் அனுபவமுள்ள ஒலிப்பதிவுக் காப்பாளரிடம் ஒப்படையுங்கள்.

இப்பதிவுகளுக்கு அமெரிக்காவில் 2067 பிப்ரவரி 15 வரை சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதால், வெளியிடும் முன் உரிமையாளர்களின் எழுத்துப்பூர்வ இசைவைப் பெறுங்கள்.