சால்டரும் ஃபிளக்ஸும்: வாங்கும் முன் லேபிளைப் படிக்கும் முறை

பொழுதுபோக்காக மின்னணுச் சுற்றுகளைச் செய்பவர்கள் சால்டரிங் அயர்னைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட உருக்கி உலோகங்களை இணைக்கும் சால்டர் கம்பியின் மீதோ, இணையும் பரப்பைத் தூய்மைப்படுத்தும் ஃபிளக்ஸின் மீதோ காட்டுவதில்லை. இணைப்பு சரியாகப் பிடிக்காதபோது கை இன்னும் பழகவில்லை என்றோ, அயர்ன் போதிய சூடு தரவில்லை என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில், நல்ல சால்டரும் வேலைக்கேற்ற ஃபிளக்ஸும் இருந்தால் எளிய அயர்னைக் கொண்டே உறுதியான இணைப்பைச் செய்துவிடலாம். இவை தரமற்றவையாக இருந்தால் விலையுயர்ந்த சால்டரிங் ஸ்டேஷனும் பெரிதாக உதவாது. உலோகக் கலவையின் விகிதம், கம்பியின் விட்டம், உள்ளே இருக்கும் ஃபிளக்ஸின் வகை ஆகிய மூன்றும் லேபிளில் தெளிவாக அச்சிடப்படாத சுருளை, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த மூன்றில் பலரும் முதலில் பார்ப்பது உலோக விகிதத்தை. கடைசியில் பார்ப்பது, அல்லது பார்க்கவே மறந்துவிடுவது, ஃபிளக்ஸை. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். செம்பின் மேற்பரப்பு காற்றுப் பட்டதும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தால் மூடிக்கொள்கிறது. சூடேற்றும்போது அந்தப் படலம் இன்னும் வேகமாகத் தடிக்கிறது. உருகிய சால்டர் ஆக்சைடின் மேல் பரவாமல் உருண்டு திரண்டுவிடும். அந்தப் படலத்தைக் கரைத்து அகற்றி, இணைப்பு உறையும் வரை காற்று மீண்டும் தீண்டாமல் காப்பதே ஃபிளக்ஸின் வேலை. அப்படித் தூய்மையான செம்பை உருகிய வெள்ளீயம் தொடும்போதுதான் இரண்டும் வினைபுரிந்து, மிக மெல்லிய செம்பு-வெள்ளீயச் சேர்மப் படலம் உருவாகிறது. இணைப்பைப் பிடித்திருப்பது அந்தப் படலமே.

மின்னணு வேலைக்கான கம்பியின் நடுவே, ஒன்றோ பலவோ ஆன நுண்ணிய குழாய்களில் ஃபிளக்ஸ் அடைக்கப்பட்டிருக்கும். எடையில் அது ஏறத்தாழ 1 முதல் 3 சதவீதம். கையால் வேலை செய்பவருக்கு 2 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள கம்பியே வசதியானது. ஃபிளக்ஸ் இல்லாத வெறும் கம்பியும் அதே தோற்றத்தில் விற்கப்படுவதால், லேபிளில் ஃபிளக்ஸ் குறித்த சொல்லே இல்லையென்றால் விலகிவிடுவது நல்லது. அயர்ன் முனையின் சூட்டில் ஃபிளக்ஸ் ஓரிரு நொடிகளில் புகையாகிப் போய்விடும். அயர்ன் முனையில் சால்டரை உருக்கி எடுத்துக்கொண்டு போய் இணைப்பில் தடவும் பழக்கம் எப்போதும் கரடுமுரடான இணைப்பையே தருவதற்குக் காரணம் இதுதான்: இணைப்பைச் சென்றடையும் முன்பே ஃபிளக்ஸ் தீர்ந்துவிடுகிறது.

இனி உலோகத்துக்கு வருவோம். தொடங்குபவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது 63 சதவீத வெள்ளீயமும் 37 சதவீத ஈயமும் கலந்த, 63/37 என்று குறிக்கப்படும் கலவையை. இது 183 டிகிரி செல்சியஸில் முழுவதும் உருகி, அதே வெப்பநிலையில் முழுவதும் உறைந்துவிடுகிறது. பரவலாகக் கிடைக்கும் 60/40 கலவையோ 183 டிகிரியில் இளகத் தொடங்கினாலும் சுமார் 190 டிகிரியில்தான் முழுத் திரவமாகிறது. இடைப்பட்ட சில டிகிரிகளில் அது பாதி திண்மமாகவும் பாதி திரவமாகவும் இருக்கும். அந்த நிலையில் உதிரிபாகத்தின் கால் சற்றே அசைந்தாலும் இணைப்புக்குள் நுண்ணிய வெடிப்புகள் விழுந்து, பார்வைக்கு நன்றாகத் தோன்றினாலும் சில மாதங்களில் விட்டுவிட்டு வேலை செய்யும் தொல்லை தொடங்கலாம். கை நடுங்காமல் பழகியவருக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. பழகிக்கொண்டிருப்பவருக்கு 63/37 தரும் பாதுகாப்பு சற்றுக் கூடுதல் விலைக்குத் தகும்.

ஈயமில்லாத சால்டரின் கதை வேறு. விற்பனைக்கு வரும் மின்னணுப் பொருள்களின் ஒவ்வொரு சீரான பொருட்பகுதியிலும் ஈயம் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற ரோஸ் விதியை, சில விலக்குகளுடன், ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அதன்பின் உலகெங்கும் தொழிற்சாலைகள் ஈயமில்லாத கலவைகளுக்கு மாறின. அவற்றுள் பரவலானது 96.5 சதவீத வெள்ளீயம், 3 சதவீத வெள்ளி, 0.5 சதவீதச் செம்பு கொண்ட சாக்305. இது 217 முதல் 220 டிகிரிக்குள் உருகும். வெள்ளி இல்லாத, 99.3 சதவீத வெள்ளீயமும் 0.7 சதவீதச் செம்பும் கலந்த கம்பி விலை குறைவு. ஆனால் அது 227 டிகிரியில்தான் உருகும். ஈயம் கலந்த கம்பிக்கு அயர்ன் முனையை 320 முதல் 350 டிகிரி வரை வைத்தால் போதும் என்றால், இவற்றுக்கு 350 முதல் 380 வரை தேவைப்படும். வெள்ளீயத்தின் அளவு மிகுதியாக இருப்பதால் முனையின் மேல் பூசப்பட்ட இரும்புப் பூச்சும் விரைவில் அரிக்கப்படுகிறது. இணைப்பு மங்கலாகத் தோன்றுவது இவற்றில் இயல்பே. அதைக் குறைபாடென்று எண்ணி மீண்டும் மீண்டும் சூடேற்றினால் போர்டில் உள்ள செம்புத் தகடுதான் பெயர்ந்துபோகும்.

செய்யும் பொருளை விற்பதாக இருந்தாலோ, குழந்தைகள் அதே மேசையில் வேலை பழகுவதாக இருந்தாலோ ஈயமில்லாத கம்பியே சரியான தேர்வு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈயம் கலந்த சால்டரைப் பொதுமக்களுக்கு விற்பதற்கே கட்டுப்பாடு உள்ளது. ஈயமில்லாததை வாங்கும்போது மட்டும் விலையில் சிக்கனம் பார்க்க வேண்டாம்: உருகுநிலை உயர்வு, பரவும் தன்மை குறைவு என்ற இரு குறைகளையும் ஈடுகட்ட வேண்டியது உள்ளிருக்கும் ஃபிளக்ஸ்தான் என்பதால், பெயர் தெரியாத மலிவான ஈயமில்லாத சுருளே இந்தத் துறையில் ஒருவர் செய்யக்கூடிய மிக மோசமான கொள்முதல்.

ஈயத்தைப் பற்றிய அச்சம் தேவையான இடத்தில் இருக்க வேண்டும். ஈயத்தின் கொதிநிலை சுமார் 1,750 டிகிரி. அயர்னின் சூட்டில் அது குறிப்பிடத்தக்க அளவில் ஆவியாவதில்லை. எழும் புகை ஃபிளக்ஸிலிருந்து வருவது. அதிலும் பல ஃபிளக்ஸுகளின் அடிப்படையான, பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கப்படும் ரோசினின் புகையைத் தொடர்ந்து சுவாசிப்பது ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது என்பது நன்கு அறியப்பட்ட உண்மை. ஆகவே ஈயம் உண்டா இல்லையா என்று பாராமல், புகையை முகத்திலிருந்து அப்பால் இழுக்கும் சிறு மின்விசிறி எப்போதும் வேண்டும். ஈயத்தின் அபாயம் விரல்கள் வழியாக வாய்க்குச் செல்வதில் இருக்கிறது: கம்பியைப் பல்லால் கடித்துப் பிடிக்கக் கூடாது, வேலை மேசையில் உண்ணக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும்.

58 சதவீத பிஸ்மத் கொண்ட, 138 டிகிரியிலேயே உருகும் கலவையும் கிடைக்கிறது. சூடு தாங்காத உதிரிபாகங்களுக்கு அது பயன்படும். ஆனால் ஈயம் கலந்த பழைய இணைப்பின் மீது அதைப் பயன்படுத்தக் கூடாது. வெள்ளீயம், ஈயம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்தால் சுமார் 96 டிகிரியிலேயே உருகும் பகுதிகள் உருவாகி, சூடாகும் கருவிக்குள் இணைப்பு தானாகவே தளர்ந்துவிடலாம். 2 சதவீத வெள்ளி கலந்த 62/36/2 கம்பி, வெள்ளி பூசிய உதிரிபாக முனைகளுக்கானது. டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பழைய ஆஸிலோஸ்கோப்புகளில் உள்ள பீங்கான் பட்டைகளைப் பழுதுபார்ப்பவர்களுக்கு அது இன்றியமையாதது, மற்றவர்களுக்கு அவசியமில்லை.

விட்டத்தைப் பொறுத்தவரை, துளைவழி உதிரிபாகங்களுக்கு (போர்டின் துளைக்குள் கால் நுழைபவை) 0.8 மி.மீ. கம்பியும் எஸ்எம்டி வேலைக்கு (போர்டின் மேற்பரப்பிலேயே பொருத்தும் சிறு உதிரிபாகங்கள்) 0.5 மி.மீ. கம்பியும் போதும், ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் 0.6 அல்லது 0.7 மி.மீ. நல்ல சமரசம். 1 மி.மீ.க்கு மேல் போனால் சிறிய இணைப்பில் தேவைக்கு அதிகமான சால்டர் சட்டென்று கொட்டிவிடும். அது தடித்த ஒயர்களுக்கும் பெரிய கனெக்டர்களுக்கும் உரியது. எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஒரு சிறு கணக்கு உதவும். 63/37 கலவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.4 கிராம்; எனவே 0.8 மி.மீ. கம்பி மீட்டருக்குச் சுமார் 4 கிராம் எடை கொண்டது, 100 கிராம் சுருளில் கிட்டத்தட்ட 24 மீட்டர் இருக்கும். 0.5 மி.மீ. என்றால் அதே எடைக்கு 60 மீட்டர் கிடைக்கும். ஓர் இணைப்புக்கு 5 மி.மீ. கம்பி செலவானாலும் முதல் சுருளில் 4,000க்கும் மேற்பட்ட இணைப்புகளைச் செய்யலாம். தரமான சுருளுக்குக் கொடுக்கும் விலையை இந்த எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், மலிவானதைத் தேடி அலைவதில் பொருளில்லை என்பது புரியும். அரைக் கிலோ சுருளை முதலிலேயே வாங்க வேண்டிய தேவையும் இல்லை.

ஃபிளக்ஸின் வகையை அறிய, ஜே-எஸ்டிடி-004 என்ற தரநிலையின் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும். முதல் இரண்டு எழுத்துகள் அடிப்படைப் பொருளைச் சொல்கின்றன: ஆர்ஓ என்றால் ரோசின், ஆர்இ என்றால் பிற பிசின், ஓஆர் என்றால் கரிம அமிலங்கள், ஐஎன் என்றால் கனிம அமிலமோ உப்போ. அடுத்த எழுத்து வினைத்திறனைக் குறிக்கிறது: எல் குறைவு, எம் நடுத்தரம், எச் மிகுதி. கடைசியில் வரும் 0 அல்லது 1, ஹாலைடு (குளோரைடு போன்ற சேர்மம்) இல்லையா உண்டா என்பதைச் சொல்கிறது. கெஸ்டர் நிறுவனத்தின் நெடுங்காலமாக அறியப்பட்ட 44 வரிசைக் கம்பி ஆர்ஓஎம்1, அதன் 245 வரிசை ஆர்ஓஎல்0 என்று சொன்னால், முன்னது சற்று மங்கிய செம்பையும் பிடிக்கும், பின்னது எச்சம் குறைவாக விடும் என்று இனி நீங்களே ஊகித்துவிடலாம். பழைய லேபிள்களில் காணும் ஆர், ஆர்எம்ஏ, ஆர்ஏ என்பனவும் ரோசினின் வினைத்திறனை இதே ஏறுவரிசையில் குறிப்பவை.

சில ஃபிளக்ஸுகளின் லேபிளில் காணும் நோ-கிளீன் என்ற பெயரைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். போதிய சூடு பட்டபின் எஞ்சும் எச்சம் தீங்கற்றது என்பதே அதன் பொருள்; சிரிஞ்சிலிருந்து தாராளமாகப் பிழிந்து, பாதி மட்டும் சூடுபட்டு மீதி அப்படியே கிடக்கும் ஃபிளக்ஸுக்கு அந்த உறுதிமொழி பொருந்தாது. மின்தடை மிக அதிகமான சுற்றுகளில் அது சிறு கசிவு மின்னோட்டத்துக்கு வழிவிடலாம் என்பதால், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சிறு தூரிகையும் கொண்டு துடைத்துவிடுவதே நல்லது. அந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும், அயர்ன் அணைந்து ஆறிய பிறகே அதைத் திறக்க வேண்டும். நீரில் கரையும் ஓஆர் வகை ஃபிளக்ஸ் மிக வலிமையாக வேலை செய்யும், ஆனால் அதன் எச்சம் செம்பை அரிக்கும். அன்றைக்கே நீரால் முழுமையாகக் கழுவ முடியாத ரிலே, சுவிட்ச், இழைகளாலான ஒயர் ஆகியவற்றில் அதைப் பயன்படுத்தக் கூடாது. குழாய் பற்றவைப்பதற்கான, துத்தநாகக் குளோரைடு கலந்த அமில ஃபிளக்ஸை மின்னணு மேசைக்கே கொண்டுவர வேண்டாம். அது அன்று அழகாகப் பிடிக்கும், பிறகு ஒயரின் உறைக்குள் ஊர்ந்து சென்று பச்சை பூக்க வைக்கும். எந்தக் குறிப்பும் இல்லாமல் சிறு டின்களில் வரும் கூழ் ஃபிளக்ஸுகளில் என்ன கலந்திருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

கம்பிக்குள் ஃபிளக்ஸ் இருக்கும்போது தனியாக எதற்கு என்று கேட்கலாம். புதிய துளைவழி உதிரிபாகங்களைப் புதிய போர்டில் பொருத்தும் வரை அது தேவைப்படாமல் போகலாம். பழைய இணைப்பைக் கழற்றும்போதும், விக் எனும் செம்புப் பின்னல் பட்டையைக் கொண்டு சால்டரை உறிஞ்சும்போதும், நெருக்கமான கால்களைக் கொண்ட சிப்பைப் பொருத்தும்போதும் தனி ஃபிளக்ஸ் இல்லாமல் வேலை நடக்காது. இதற்கு சிரிஞ்சில் வரும் ஜெல்லே சிறந்தது. வைத்த இடத்தில் நிற்கும், சிப்பையும் லேசாக ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பத்து மில்லிலிட்டர் நீண்ட நாள் வரும். திரவம் வேண்டுமென்றால், தூய ரோசினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து மூடியில் தூரிகை பொருத்திய குப்பியில் வைத்துக்கொண்டாலே தரமான ஃபிளக்ஸ் தயார்.

சால்டர் பேஸ்ட் என்பது நுண்ணிய சால்டர் பொடியும் ஃபிளக்ஸும் குழைந்த கலவை. சூடான காற்றை வீசும் ஹாட் ஏர் கருவியும், பேஸ்டை உரிய இடத்தில் மட்டும் தடவ உதவும் துளையிட்ட ஸ்டென்சில் தகடும் வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் சில மாதங்களில் பயனிழக்கும் என்பதால் உற்பத்தித் தேதி பார்த்து, சிறிய அளவே வாங்க வேண்டும்.

இணையச் சந்தைகளில் புகழ்பெற்ற பெயர்களைப் போலி செய்த சுருள்களும், அதைவிட அதிகமாகப் போலி ஃபிளக்ஸ் சிரிஞ்சுகளும் விற்கப்படுகின்றன. தயாரிப்பாளர் தாமே அறிவித்த முகவரிடமோ, உதிரிபாகங்களை மட்டுமே விற்கும் நிறுவனத்திடமோ வாங்குவது இந்தச் சிக்கலைப் பெரிதும் குறைக்கும். அறிவிக்கப்பட்ட எடை, கம்பி சுற்றப்பட்டிருக்கும் உருளையைச் சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கியபின் உடனே சோதித்துப் பாருங்கள். வெப்பநிலையை மாற்றக்கூடிய அயர்ன் இருந்தால், முனையைச் சுத்தம் செய்து 210 டிகிரியில் வைத்து 63/37 கம்பியைத் தொடவிடுங்கள். தயங்காமல் உருக வேண்டும். அயர்னின் அளவீட்டில் சில டிகிரி பிழை இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டாலும், 250 டிகிரி வரை அசையாத கம்பி லேபிளில் சொன்னது அல்ல. பிறகு 320 டிகிரிக்கு உயர்த்தி, சுத்தமான செம்புக் கம்பி ஒன்றைச் சூடாக்கி, அயர்னைத் தொடாமல் அந்தச் செம்பின் மீதே சால்டரைக் கொடுங்கள். ஓரிரு நொடிகளில் அது ஓடிப் பரவி, ஓரங்கள் செம்போடு மெல்லியதாகச் சேர்ந்து, வெளிர் தேன் நிறத்தில் எச்சம் நிற்க வேண்டும். உருண்டு திரண்டாலோ, தெறித்தாலோ, எச்சம் கருகிக் கரியாகப் படிந்தாலோ, அந்தச் சுருளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்; திருப்ப முடியாதென்றால், நல்ல போர்டின் அருகே மட்டும் அதைக் கொண்டுவராதீர்கள்.