லே-அப் போடப் பழகுவோம்: காலடியில் இருந்து தொடங்கும் பயிற்சி

கூடைப்பந்து கற்க வருபவர்களில் பலரும் முதல் நாளே ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றுகொண்டு வளையத்தை நோக்கிப் பந்தை எறிய ஆரம்பித்துவிடுகிறார்கள். அதை அடுத்த மாதத்துக்கு ஒத்திவையுங்கள். ஓடிவந்து, இரண்டு காலடி வைத்து, எம்பி, பந்தை வளையத்துக்குப் பின்னால் உள்ள பலகையில் (போர்டு) பட வைத்துக் கூடைக்குள் விடும் லே-அப்தான் முதலில் பழக வேண்டிய ஷாட். வளையத்தின் பக்கத்திலேயே போடுவதால் விழும் வாய்ப்பு அதிகம். அதோடு ஓட்டம், டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டியபடி நகர்வது), எம்புதல், தரையிறங்குதல் எல்லாம் இந்த ஒரே ஷாட்டுக்குள் வந்துவிடுகின்றன.

வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1891-இல் இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்பயிற்சிக்கூடத்தின் மாடி விளிம்பில் பழக்கூடையை மாட்டியபோது இருந்த அதே பத்தடி உயரம். போர்டில் வளையத்துக்கு நேர் மேலே ஒரு சிறிய சதுரம் வரைந்திருப்பார்கள். அளந்து பார்த்தால் அது 59 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட செவ்வகம்தான். ஆனாலும் மைதானத்தில் அது சதுரம்தான். வலப்பக்கம் இருந்து வந்தால் அதன் வலது மேல் மூலை, இடப்பக்கம் இருந்து வந்தால் இடது மேல் மூலை. உங்கள் குறி அந்த மூலை மட்டுமே. வளையத்தைப் பார்க்காதீர்கள்.

பந்து: ஆண்களுக்கு 7-ஆம் எண், பெண்களுக்கு 6-ஆம் எண், சிறுவர்களுக்கு 5-ஆம் எண். சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் வளையத்தையே 2.60 மீட்டருக்கு இறக்கிவிடுவார்கள். உங்கள் பள்ளியில் அந்த வசதி இருந்தால் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். சிமென்ட் தரை என்றால் ஆடுவதற்கு முன் மணலைக் கூட்டித் தள்ளிவிடுங்கள்.

இனி வலது கை லே-அப். பின்னாலிருந்து முன்னால் போகப் போகிறோம். அதாவது ஷாட்டின் கடைசி நொடியை முதலில் பழகி, அதற்கு முந்தையதை ஒவ்வொன்றாகச் சேர்க்கப் போகிறோம்.

படி 1: ஓடாமல், எம்பாமல்

வளையத்துக்கு வலப்புறம், ஒரு மீட்டர் தள்ளி, போர்டுக்குச் சாய்வாக நில்லுங்கள். இடது காலில் நின்றுகொண்டு வலது முழங்காலை இடுப்பு வரை உயர்த்துங்கள். உள்ளங்கை போர்டைப் பார்க்கும்படி வலது கையைப் பந்தின் பின்னால் வைத்து, மேலே தள்ளி, சதுரத்தின் மூலையில் பட வையுங்கள். உயரமான பரணில் பாத்திரத்தை ஏற்றிவைக்கும்போது கை எவ்வளவு நிதானமாக இருக்குமோ, அவ்வளவு நிதானம் போதும். தொடர்ந்து பத்து விழும்வரை இங்கேயே இருங்கள்.

படி 2: இரண்டு காலடி

லே-அப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதனால் பந்தைக் கீழே வைத்துவிடுங்கள்.

வலது, இடது, மேலே. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்து பாருங்கள். வலது காலை வைத்து, இடது காலை வைத்து, இடது காலால் எம்பி, வலது முழங்காலையும் வலது கையையும் ஒன்றாக உயர்த்த வேண்டும். முழங்காலுக்கும் கைக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பதாக எண்ணிக்கொண்டால் சீக்கிரம் படியும்.

புதியவர்களிடம் அதிகம் காணும் பிழை, வலது காலாலேயே எம்புவது. அப்படி எம்பினால் உயர்வது இடது முழங்கால். வலது தோள் பின்தங்கி, உடல் திருகிக்கொள்ளும். பந்து வளையத்தின் அடியில் மோதும், அல்லது போர்டைத் தாண்டிப் போகும். கையில்தான் கோளாறு என்று நினைத்துக் கையையே திருத்திக்கொண்டிருப்பார்கள். சாக்பீஸ் எடுத்துத் தரையில் இரண்டு பாதங்களை வரைந்து, முதலில் 'வ', அடுத்து 'இ' என்று எழுதிவிடுங்கள். அந்தப் பாதங்களை மிதித்துப் போனால் குழப்பம் தீரும்.

வரையும்போது ஒரு நுணுக்கம்: முதல் காலடி நீளமாகவும் இரண்டாவது குட்டையாகவும் இருக்கட்டும். குட்டையான இரண்டாம் அடிதான் முன்னோக்கிய வேகத்தை மேல்நோக்கித் திருப்புகிறது. இரண்டும் நீளமாகிவிட்டால் நீளம் தாண்டுபவரைப் போல வளையத்துக்கு அடியிலேயே பறந்துபோய்விடுவீர்கள்.

பிறகு பந்தைக் கையில் எடுத்து அதையே செய்யுங்கள். பந்து இரு கைகளிலும், வலது மார்புப் பக்கமாக இருக்கட்டும். மேலே போகும்போதுதான் இடது கை விலக வேண்டும்.

படி 3: ஒரு டிரிபிள்

இப்போது இன்னும் ஓரடி பின்னால் வாருங்கள். இடது காலை முன்வைக்கும்போதே வலது கையால் பந்தை ஒரு முறை தட்டுங்கள். எழும்பி வரும் பந்தைப் பிடித்தபடி வலது, இடது, மேலே. பந்தைத் தட்டும்போதே கண் சதுரத்தின் மூலைக்குப் போய்விட வேண்டும். பந்தையே பார்த்துக்கொண்டு வருபவருக்குக் கடைசி நொடியில் குறியைத் தேட நேரம் இருக்காது.

டிராவலிங், அதாவது பந்தைக் கையில் வைத்தபடி அனுமதிக்கு மேல் காலடி வைக்கும் தவறு பற்றிய பயம் இங்கே வரும். பந்தைக் கையில் எடுத்தபின் இரண்டு காலடி, அதற்குள் பந்தைக் கைவிட வேண்டும். ஓட்டத்தில் பந்தைப் பிடிக்கும் நொடியில் தரையில் இருக்கும் பாதத்தை, 2017-இல் வந்த ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதி மாற்றத்துக்குப் பிறகு கணக்கில் சேர்ப்பதில்லை. தொடக்கத்தில் அந்தச் சலுகையை நம்பாமல் சுத்தமாக இரண்டு அடியில் முடிக்கப் பழகுவதே நல்லது.

படி 4: ஓட்டத்தோடு

வளையத்தைச் சுற்றி வளைவாக வரைந்திருக்கும் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து டிரிபிள் செய்துகொண்டு, 45 பாகைச் சாய்வில் வாருங்கள். முதலில் பாதி வேகம். வேகம் கூடும்போது பந்து போர்டில் பலமாக மோதி வெளியே தெறிக்கும். ஓடிவரும் உடலின் வேகம் பந்திலும் இருப்பதே காரணம்; அதனால் ஓட்டம் கூடக்கூடக் கை மென்மையாக வேண்டும்.

ஷாட் போட்டதும் வேலை முடிந்ததாக நினைத்து, பந்தைப் பார்த்தபடியே ஒற்றைக் காலில் கோணலாக இறங்காதீர்கள். கணுக்கால் சுளுக்குவது அப்போதுதான். இரண்டு கால்களிலும், முழங்கால்களை மடக்கி இறங்குங்கள்.

இடது கை

வலது கை நன்றாக வந்தபின் இடது கையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் வாரத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஒரே கையில் போடுபவர் என்று தெரிந்துவிட்டால், எதிரணித் தடுப்பாளர் அந்தப் பக்கத்தை அடைத்து நின்றுவிடுவார். எல்லாம் தலைகீழ்: இடது, வலது, மேலே, வலது காலால் எம்பி, இடது முழங்காலும் இடது கையும் உயர வேண்டும். படி 1-இலிருந்தே தொடங்குங்கள், நேராக ஓட்டத்துக்குப் போகாதீர்கள்.

இரு கைகளையும் சேர்த்துப் பழக்க, அமெரிக்க வீரர் ஜார்ஜ் மைக்கன் பெயரால் வழங்கும் மைக்கன் டிரில் என்ற பயிற்சி இருக்கிறது. வளையத்தின் கீழே நின்று வலப்பக்கம் வலது கையால் ஒன்று, விழும் பந்தைத் தரையில் படவிடாமல் பிடித்து இடப்பக்கம் இடது கையால் ஒன்று. பந்தைத் தோளுக்குக் கீழே இறக்காமல் ஒரு நிமிடம் தொடருங்கள். தோள் எரியத் தொடங்கும்போது பந்தைக் கீழே இறக்கத் தோன்றும். அந்த நேரத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.