முதலில் இரை, கடைசியில் மெஷின்: தோமானுக்கும் செபாராவுக்கும் தூண்டில் கம்பு பொருத்தும் முறை

தூண்டில் பழக வரும் தோட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: “அண்ணே, தோமானுக்கு எந்தக் கம்பு நல்லது?” தோமான் விரால் இனத்துப் பெரிய மீன்; தலைப்பில் உள்ள செபாராவ் கெண்டை இனத்து ஆற்று மீன். கேட்பவர் கையில் போனஸ் பணம் இருக்கும்; சுங்கை சிப்புட்டிலோ ஈப்போவிலோ பார்த்து வைத்த ஒரு கம்பின் படம் கைப்பேசியில் இருக்கும். “எதை வீசப் போறே, எங்கே நின்னு வீசப் போறே?” என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் வாடிவிடும். ஆனால் ஒரு மாலைப் பொழுதில் நூற்றைம்பது முறை வீசி இரண்டு மீன் கடித்தாலே அது நல்ல நாள் என்பதால், கம்பின் பெரும்பாலான வேலை மீனை இழுப்பதில் இல்லை, செயற்கை இரையை வீசுவதில்தான் இருக்கிறது. முதலில் இரை, அதற்கேற்ற நரம்பு (தூண்டில் நூல்), அவ்விரண்டுக்கும் ஏற்ற கம்பு, கடைசியில் மெஷின் (நரம்பைச் சுற்றும் ரீல்) என்ற வரிசையில் தேர்ந்தெடுத்தால் தவறு குறையும். கடைகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகி, கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் மெஷினில் தொடங்குகிறது.

நம் மலேசியாவில் கிடைக்கும் காஸ்டிங் கம்புகளின், அதாவது இரை வீசும் கம்புகளின், வகைப்பாடு பெரும்பாலும் வட அமெரிக்காவின் லார்ஜ்மவுத் பாஸ் மீனை மனத்தில் வைத்து உருவானது. அந்த மீனின் உலகச் சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ. 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்ட ஒரு மீனும் 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட ஒரு மீனும் அந்தச் சாதனையைப் பகிர்ந்துகொள்கின்றன. அவ்வளவு பெரிய மீனுக்காக உருவானது என்பதால், தவளை இரைக்கான கம்பு, கிராங்க்பெய்ட்டுக்கான (இழுக்கும்போது நீருக்குள் மூழ்கும் கெட்டி இரை) கம்பு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம் குட்டைகளுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கொக்கியையும் லீடரையும் (இரைக்கு முன்னால் கட்டும் துண்டு நரம்பு) மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் பாஸ் மீனின் வாயில் இருப்பவை அரம் போன்ற சிறு பற்கள். தோமானுக்கோ கூரிய பற்களும் மெல்லிய கொக்கியை நிமிர்த்திவிடும் தாடையும் உண்டு. ஈயம் தோண்டிய பழைய குட்டைகளில் பெருகிவிட்ட பீக்காக் பாஸ் பெயரளவில்தான் பாஸ். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அது, குடும்ப வகையில் திலாப்பியாவுக்குத்தான் உறவு.

கம்பின் பிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருக்கும். 6 அடி 6 அங்குலம், மீடியம், ஃபாஸ்ட், 8–17 எல்பி, 1/4–5/8 அவுன்ஸ் என்பது போல அது இருக்கும். பிள்ளைகள் பார்ப்பது எல்பி (பவுண்டு) கணக்கை; முதலில் பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் அவுன்ஸ் கணக்கை. ஓர் அவுன்ஸ் சுமார் 28 கிராம் என்பதால், இந்தக் கம்பு 7 முதல் 18 கிராம் வரையிலான இரையை வீசும். அதிலும் இரு எல்லைகளுக்கும் நடுவே, 10 முதல் 14 கிராமுக்குள் இருக்கும் இரையைத்தான் முழு மனத்தோடு வீசும். எடை குறைந்தால் கம்பு வளையாது, வளையாத கம்பு இரையைத் தள்ளாது. எடை மிகுந்தால் கம்பு துவண்டுபோகும், ஓங்கி வீசினால் முறியவும் கூடும்.

இந்தப் பாடத்தை நான் பணம் கொடுத்துக் கற்றேன். செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் குட்டையில் விரால் பிடிக்க 9 கிராம் ஜம்ப் ஃபிராக் என்ற தவளை இரை வாங்கியிருந்தேன். கடைக்காரர் பேச்சை நம்பி அதற்கு 12–25 எல்பி கனத்த கம்பு ஒன்றையும் வாங்கினேன். முதல் வீச்சிலேயே இரை பத்தடி தள்ளி விழுந்தது, ஸ்பூலில் (மெஷினில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) நரம்பு குருவிக்கூடாகச் சுருண்டது. மெஷின்தான் சரியில்லை என்று இரண்டு வாரம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் தம்முடைய 8–17 கம்பில் என் மெஷினைப் பூட்டி வீசிக் காட்டியபோது, அதே இரை குட்டையின் மறுகரைப் புல்லில் போய் விழுந்தது.

எல்பி கணக்கு நரம்பின் வலுவைக் குறிப்பது; அதுவும் பொதுவாக நைலான் நரம்பை வைத்துச் சொல்லப்படுவது. பின்னல் நரம்பு, அதாவது பிரைட், அதே தடிமனில் பன்மடங்கு வலுவானது என்பதால், 10–20 எல்பி கம்பில் 40 எல்பி பிரைட் சுற்றுவது நம்மிடையே வழக்கம். அதில் பிழையில்லை, டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, முழுவதும் இறுக்காத வரையில். நரம்பு அறாது என்ற துணிச்சலில் இறுக்கிவிட்டால், அறுவதற்குப் பதிலாக முறிவது கம்பு. பிரைட் நீளாது, மிதக்கும், நைலான் இழுபடும், ஃபுளோரோகார்பன் நீரில் மூழ்கும், உராய்வையும் ஓரளவு தாங்கும். புல்லுக்கு மேல் வீசும் இரைக்குப் பிரைட், தெளிந்த நீரில் மூழ்கும் இரைக்குப் பிரைட்டோடு ஒரு கை நீள ஃபுளோரோகார்பன் லீடர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

மீடியம், ஹெவி என்பவை கம்பின் பலத்தையும், ஃபாஸ்ட், மாடரேட் என்பவை அது எந்த இடத்தில் வளைகிறது என்பதையும் சொல்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அனுபவசாலிகளிலும் உண்டு. ஃபாஸ்ட் கம்பு நுனியில் மட்டும் வளைந்து, உடனே முதுகெலும்பைக் காட்டும். தடித்த ஒற்றைக் கொக்கியைத் தோமானின் எலும்பு வாயில் ஏற்ற அது வேண்டும். மாடரேட் கம்பு நடுப்பகுதி வரை வளைந்து, அடியை உள்வாங்கிக்கொள்ளும். மெல்லிய மும்முனைக் கொக்கிகள் கொண்ட இரைக்கு அதுவே பொருத்தம். செபாராவ் முதல் அடியிலேயே முழு வேகத்தைக் காட்டும் மீன். சுங்கை பிளஸ் ஆற்றில் ஒருமுறை விறைத்த கம்பும் நீளாத பிரைட்டும் சேர்ந்த கூட்டணியோடு கிராங்க்பெய்ட் இழுத்தபோது மூன்று மீன் அடித்தன, மூன்றும் கழன்றன. இரையை எடுத்துப் பார்த்தால் பின் கொக்கியின் இரு முனைகள் நிமிர்ந்து நின்றன. அடியை வாங்கிக்கொள்ள அந்தக் கூட்டணியில் எதுவுமே இருக்கவில்லை.

இனி முறைக்கு முறை பார்க்கலாம். ஜம்ப் ஃபிராக் என்பது கெட்டியான சிறு தவளை. வால்பக்கம் சுழலும் தகடு இருக்கும், நீர்மேல் வேகமாக இழுக்க வேண்டும். அதற்கு 6 அடி முதல் 6 அடி 6 அங்குலம் வரையிலான, 8–17 எல்பி மீடியம் கம்பும், 20 முதல் 30 எல்பி பிரைட்டும், கியர் விகிதம் (இதைக் கீழே விளக்குகிறேன்) 7.1:1க்குக் குறையாத மெஷினும் வேண்டும். குட்டைக் கரையில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் செம்பனை மட்டை இருக்கும் என்பதால் கம்பு நீளக் கூடாது; ஏழடிக் கம்பை அங்கே ஓங்கினால் முதலில் மாட்டுவது மட்டைதான்.

உள்ளீடற்ற மென்தவளை வேறு கணக்கு. கங்கோங் கொடியும் ஆகாயத்தாமரையும் மூடிய நீரின்மேல் அதை மெல்ல நடத்திச் சென்று, இடைவெளி கண்ட இடத்தில் நிறுத்த வேண்டும். மீன் அடித்ததும் ஓசை கேட்கும், நீர் வெடிக்கும், நம் கை தானாகவே மேலே போகும். அப்படிப் போனால் தவளை மட்டும் முகத்தை நோக்கிப் பறந்து வரும். கம்பின் நுனியைத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பைச் சுற்றி, மீனின் கனம் கைக்குத் தெரிந்த பிறகே ஓங்க வேண்டும். பிறகு அதைக் கொடிக்குள் திரும்பவிடாமல் தூக்க வேண்டியிருப்பதால் 6 அடி 8 அங்குலம் முதல் 7 அடி 2 அங்குலம் வரையிலான ஹெவி ஃபாஸ்ட் கம்பு, 50 எல்பி பிரைட் என்பவை இங்கே ஆடம்பரம் ஆகா. குஞ்சுக் கூட்டத்தின் மேல் வீசித் தாய்த் தோமானை அடிப்பதற்கும் இதே கம்பைத்தான் பலர் எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காவல் போய்விட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும், பிறகு அதே குட்டையில் மீனில்லை என்று நாமே புலம்புவோம்.

கிராங்க்பெய்ட்டுக்கும் ஆற்றில் வீசும் ஸ்பூனுக்கும் மாடரேட் கம்பும், 5.4:1 முதல் 6.3:1 வரையிலான மெஷினும் போதும். ஆழமாக மூழ்கும் இரை நீரை எதிர்த்து இழுக்கும். வேகமான மெஷினில் அதைச் சுற்றினால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். 1930இல் அணை கட்டி உருவான செண்டெரோ ஏரி போன்ற திறந்த நீரில் படகிலிருந்து வீசுவதானால் ஏழடிக் கம்பின் கூடுதல் தூரம் கைகொடுக்கும். மென்பிளாஸ்டிக் புழு, சிறு ஜிக் ஆகிய 7 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு ஸ்பின்னிங் கம்பும் 2500 அளவு மெஷினும் 10 எல்பி பிரைட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிசி மெஷினோடு (கம்பின் மேல்புறம் பூட்டி, வீசும்போது ஸ்பூலே சுழலும் பெய்ட்காஸ்டிங் மெஷின்) மல்லுக்கட்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை.

கியர் விகிதம் என்பது கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஸ்பூல் எத்தனை முறை சுழலும் என்ற கணக்கு. ஆனால் இரையின் வேகத்தைத் தீர்மானிப்பது ஸ்பூலின் விட்டமும் சேர்ந்துதான். நரம்பு நிறைந்த ஸ்பூலின் விட்டம் 34 மில்லிமீட்டர் என்றால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 107 மில்லிமீட்டர், 5.4:1 மெஷின் ஒரு சுற்றுக்குச் சுமார் 58 சென்டிமீட்டர் நரம்பை இழுக்கும், 7.1:1 மெஷின் 76 சென்டிமீட்டர், 8.1:1 மெஷின் 87 சென்டிமீட்டர். ஸ்பூல் பாதி காலியாக இருந்தால் வேகமான மெஷினும் மெதுவாகிவிடும். எனவே நரம்பை விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக நிறைத்துச் சுற்றுங்கள். பிரைட்டை நேராக ஸ்பூலில் கட்டினால் மொத்தச் சுருளும் வழுக்கும். அடியில் சில சுற்று நைலான் நரம்பு போட்டு அதன்மேல் பிரைட்டைச் சுற்ற வேண்டும்.

பிசி மெஷினை வாங்கும்போது கைப்பிடி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஸ்பின்னிங் மெஷினைப் போல அதைப் பிற்பாடு மாற்றிப் பூட்ட முடியாது. ஷிமானோவின் எண்களில் பெரும்பாலும் 200, 150 என்று முடிந்தால் வலக்கை, 201, 151 என்று முடிந்தால் இடக்கை.

வாங்கிய மெஷினைக் குட்டைக்கு எடுத்துப் போகும் முன் வீட்டுக்குப் பின்னாலோ தோட்டத்துப் பந்துத் திடலிலோ பழக்குங்கள். வீசப்போகும் அதே இரையைக் கட்டி, கம்பின் நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கவிட்டு, ஸ்பூலை விடுவிக்கும் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கைப்பிடிப் பக்கத்துச் சிறு திருகை, இரை தயங்கித் தயங்கி இறங்கும் அளவுக்கு இறுக்க வேண்டும். அது தரையைத் தொட்ட கணத்தில் ஸ்பூலும் நிற்க வேண்டும். தொட்ட பிறகும் ஸ்பூல் சுழன்றால் திருகு தளர்வு. எதிர்ப்பக்கத்துப் பிரேக்கை முதல் நாள் முக்கால் அளவுக்கு வைத்து, பத்துப் பதினைந்து வீச்சுக்கு ஒருமுறை ஒவ்வொரு படியாகக் குறைத்து வாருங்கள். கட்டைவிரல் ஸ்பூலை இறகுபோல் தொட்டபடி இருந்து, இரை நீரைத் தொடுவதற்குச் சற்று முன்னரே அதை நிறுத்த வேண்டும். இரையை மாற்றினால் திருகையும் மாற்ற வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் பிரேக்கை இரண்டு படி கூட்ட வேண்டும். குருவிக்கூடு விழுந்தாலும் நரம்பைப் பிய்த்து இழுக்காமல், கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு மெல்ல உருவினால் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.

டிராக்கை விரலால் இழுத்துப் பார்த்து வைப்பவர்கள் பலர். மீன் நிறுக்கும் கைத்தராசை நரம்பில் மாட்டி இழுத்துப் பார்ப்பது நல்லது. இந்தத் தொடரில் எது நலிந்ததோ அதன் வலுவில் கால் பங்கிலிருந்து 30 விழுக்காடு வரை வைப்பது பொது வழக்கம்; 20 எல்பி வரையிலான கம்பானால் சுமார் இரண்டரைக் கிலோவில் நரம்பு ஓடத் தொடங்க வேண்டும். மரக்கட்டைப் பக்கம் ஓடும் மீனுக்குக் கூடுதல் பிடி வேண்டுமென்றால் கட்டைவிரல் இருக்கிறது.

கடையில் கம்பைக் கையில் எடுத்ததும் நரம்பு போகும் ஒவ்வொரு வளையத்தின் உள்விளிம்பிலும் சிறிது பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் அங்கே வெடிப்பு உண்டு. பிரைட்டை அது நாளடைவில் அறுத்துவிடும். பிறகு உங்கள் மெஷினையே பூட்டி, மெஷினுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் வைத்து நிறுத்திப் பாருங்கள். நுனி கனத்துச் சாய்ந்தால் மாலை முழுதும் மணிக்கட்டுதான் அதைத் தூக்க வேண்டியிருக்கும். 30 டன், 40 டன் என்று கார்பனின் எண்ணைக் காட்டி விலை சொல்வார்கள். எண் கூடினால் கம்பு விறைப்பும் லேசுமாகும், அதே அளவுக்கு அடிபட்டால் தாங்காது. மோட்டார் சைக்கிளில் தோட்டப் பாதையில் போய் வருபவருக்கு 24 டன் கம்பே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒரே ஒரு கம்புக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், 6 அடி 6 அங்குலம், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், 10–20 எல்பி, இரண்டு துண்டாகக் கழற்றக் கூடியது, அதோடு 7.1:1 மெஷின், 30 எல்பி பிரைட் என்று வாங்குங்கள். கிராங்க்பெய்ட் அதில் கொஞ்சம் சிரமப்படும், 7 கிராம் இரை திண்டாடும், மற்றவை நடக்கும். பணத்தில் பெரும் பகுதியை மெஷினுக்குச் செலவிடலாம், ஏனெனில் மலிவான கம்பு ஓரளவு வேலை செய்யும், பிரேக் சரியில்லாத மெஷின் ஒன்றும் செய்யாது.

மீனைக் கரையேற்றும்போது கம்பைத் தலைக்குப் பின்னால் சாய்த்து இழுக்காதீர்கள். முழு எடையும் நுனியில் இறங்கி, பல கம்புகள் முறிவது அந்த நொடியில்தான். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், குட்டைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டு நில்லுங்கள். பேராக்கில் மாலை நேரத்து இடியைச் சொல்லவே வேண்டாம். முதல் முழக்கம் கேட்டதும் கம்பைக் கழற்றி, இரு துண்டுகளையும் சேர்த்துக் கட்டி, டிராக்கைத் தளர்த்திவிட்டு மோட்டாரை எடுங்கள்.